புகைக்கூட்டுக்குள் போன கை

விஜினின் பல்லைக் கண்டெடுத்தது நான்தான். வெள்ளிக்கிழமை காலையில் நடையில் கிடந்த என் ரப்பர் செருப்பைப் போட்டால், ஏதோ உறுத்தியது. கவிழ்த்துப் பார்த்தேன். பல்.

டிஷ்யூவில் மடித்து இன்பமணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நர்ஸ். முகம் சுளிக்கவில்லை.

"கடைவாப் பல்லு அக்கா. வேரோட வந்திருக்கு" என்றாள், கீரைக்கட்டைப் பார்த்துச் சொல்வதுபோல.

வியாழக்கிழமை சாயங்காலம் நடந்ததை அறியாதவர்கள் எங்கள் வில்லாவில் யாரும் இல்லை. வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இன்பமணியின் கொழுந்தன் விஜின், தன் அண்ணன் தேவதாஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "எனக்க பாஸ்போர்ட்டு எங்க அண்ணே இருக்கு?" தேவதாஸ் கையில் அப்போது பைப் ரெஞ்ச் இருந்தது. ரெஞ்சால் அடிக்கவில்லை, அந்த அளவுக்குப் பாசம் உண்டு. அதைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, கையால்தான் அடித்தார்.

நாங்கள் குடியிருப்பது அஜ்மானில், ஒரு பழைய வில்லாவின் முன்பகுதியில். முன்பு விருந்தாளிகளுக்கான மஜ்லிஸாக இருந்த அறை அது. எங்களுக்கும் தேவதாஸ் வீட்டு ஹாலுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் சுவர்தான். அந்தப் பக்கம் கை ஓங்கினால், இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் அம்மையப்பன் கையில் ரிமோட் ஓங்கும். டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார். தேவதாஸின் கோபம் எவ்வளவு என்பதை எங்கள் டி.வி.யில் ஓடும் பச்சைக் கோடுகளை எண்ணியே சொல்லிவிடலாம். வியாழக்கிழமை கோடு கடைசிவரை போயிற்று.

"நமக்கு எதுக்கு வம்பு ஜலஜா" என்பார். எனக்கு வம்புதான் வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

சரி, பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஷார்ஜாவில் ஒரே கம்பெனியில் வேலை. ஹோட்டல் சமையலறைகளின் புகைக் குழாய்களைச் சுத்தம் செய்கிற வேலை. டக்ட் என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு அப்பிய தகரக் குழாய்க்குள் மார்பால் ஊர்ந்து போகிறவன் தம்பி. வெளியே டார்ச் பிடித்துக்கொண்டு நின்று ஃபோர்மேன் என்று பேர் வாங்குகிறவர் அண்ணன். குழாய்க்குள் தலையை விட்டாலே தேவதாஸுக்கு மூச்சு முட்டும். இது கம்பெனிக்குத் தெரியாது. வில்லாவுக்குத் தெரியும். தம்பி போய்விட்டால் குழாய்க்குள் அவர்தான் ஊர்ந்தாக வேண்டும்.

விஜினின் மனைவி ரினி தோஹாவில் நர்ஸ். அங்கே நஜ்மாவில் ஒரு கட்டில் போடுகிற அளவு ரூமில், நிறை வயிற்றோடு தனியாக இருக்கிறாள். விஜினுக்கு அங்கேயே வேலை கிடைத்து, இங்கே விசாவும் கேன்சல் ஆகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் ஃப்ளைட். பாஸ்போர்ட்டைத்தான் காணோம். 'கம்பெனி பி.ஆர்.ஓ. கையில இருக்கு, வரும்' என்று தேவதாஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பி நம்பிக்கொண்டே இருந்தான். அண்ணன் சொன்னால் அரபிக்கடல் தித்திக்கும் என்று நம்புகிற பிள்ளை அது.

இன்பமணி நம்பவில்லை. காரணம், ஒரு கழுதை.

தேவதாஸ் வீட்டு ஹாலில் ஒரு ஃபயர்பிளேஸ் உண்டு. அஜ்மானில் அது எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். வில்லாவைக் கட்டிய லெபனான்காரருக்கு ஊர் நினைப்பு வந்திருக்கும். அவர் போன பிறகு யாரும் அதில் தீ போட்டதில்லை. வெடிப்பு விட்ட செங்கல் வாய்க்குள், வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸ் குடில் மட்டும் ஏறும். மாடு, ஆடு, இடையர், மரியாள், சூசை, குழந்தை, கால் ஒடிந்து வெள்ளி டேப் சுற்றிய ஒரு கழுதை. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எல்லோரும் அட்டைப்பெட்டிக்குத் திரும்பிவிடுவார்கள். மேலே மாடியில் புகைக்கூட்டின் வாய்க்கு வேறு உபயோகம். குடியிருக்கிற எல்லோருடைய டிஷ் வயரும் அதன் வழியாகத்தான் கீழே இறங்கும். சுவரில் ஓட்டை போட்டால் வில்லாக்கார அர்பாப் கத்துவார், புகைக்கூட்டில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதே.

"அக்கா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசன் தின்ன பிளேட்ட எடுத்து வச்சதில்ல" என்றாள் இன்பமணி, வெளிக்குழாயடியில் சட்டை கசக்கியபடி. "இந்த வருசம் குடில அவரே பிரிச்சாரு. கழுதய அவரே பெட்டியில வச்சாரு. என்னய ஹாலுக்குள்ள விடல்ல."

"வயசாகுதில்ல, திருந்தியிருப்பார்."

"அன்னைக்குப் போட்ட இந்தச் சட்டைக் கையப் பாருங்க, கசக்கியும் போகல்ல. தோளு வரைக்கும் கரி. குடில எடுக்க தோளு வரைக்கும் கைய எதுக்கு உள்ள விடணும்?"

நான் கரியைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காது. அது பிறவியில் வந்ததல்ல, இதே சட்டைக்குள் போகிற கையால் வந்தது.

"அதுக்குப் பொறவு வாரவங்கட்ட எல்லாம் சொல்லுதாரு, சிம்னி அடைஞ்சி கெடக்கு, தீ போட்டா எல்லாரும் பொகஞ்சி சாவோம்னு. தீ போடுதேன்னு இங்க யாரு அக்கா கேட்டது?"

அன்றைக்கு இன்பமணி வீட்டில் அன்பியம். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீடாக முறை வைத்துக் கூடி ஜெபமாலை சொல்வார்கள். அன்பியத் தலைவர் வேறு யாருமில்லை, தேவதாஸ்தான். அவர் ஷார்ஜாவில் ஓவர்டைமுக்குப் போயிருந்தார். நாலு மணிக்குத்தான் வருவார். அந்த ஜனவரியில் அஜ்மானே கம்பளிக்குள் கிடந்தது. தீ மூட்டக் குளிர் நல்ல சாக்கு.

தாடை வீங்கி, ஒரு கண் பாதி மூடி, கட்டிலில் கிடந்தான் விஜின்.

"எந்திலே மக்கா. சிம்னியச் சுத்தம் பண்ணித் தா. சாயங்காலம் தீ போடணும்."

"அண்ணன் அடைஞ்சி கெடக்குன்னுல்லா சொன்னாவ மயினி."

"அடைஞ்சிருந்தா தொறக்க நீ இருக்கல்லா. ஊர்ல உள்ளவனுக்க கொழாயெல்லாம் தொடைக்குத."

"அண்ணன் வந்தா கொல்லுவாவ."

"மிச்சம் இருக்க பல்ல எண்ணி வச்சிக்க. வா."

அவன் சிரிக்கப் பார்த்தான். தாடை விடவில்லை. எழுந்து கயிறும் வாளியும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

அவன் தலை மறைந்ததும் இன்பமணி மூக்கில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு ஃபயர்பிளேஸ் முன்னால் மண்டியிட்டாள். அடுப்பின் தொண்டையில் ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. புகை போக வேண்டுமென்றால் திறக்க வேண்டும், வேண்டாமென்றால் மூடலாம். பிடியை இழுத்தாள். பழைய கரி தலையில் கொட்டியது. தகடு திறந்ததும் கையை உள்ளே விட்டாள். முழங்கை போயிற்று, தோளும் போயிற்று. தகட்டுக்குப் பின்னால் செங்கலில் ஒரு திட்டு, சின்ன அலமாரி மாதிரி.

கை திரும்பி வந்தபோது அதில் ஒரு பொட்டலம். பாலித்தீன் பையில் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் வெள்ளி டேப் ஒட்டியது. டக்டுக்கு ஒட்டுகிற டேப். கழுதையின் காலில் இருந்த அதே டேப்.

ஓரத்தைக் கிழித்துப் பார்த்தாள். விஜினின் பாஸ்போர்ட்.

அவள் பெருமூச்சுகூட விடவில்லை. கிளினிக்கிலிருந்து கொண்டுவந்திருந்த தடுப்பூசிக் கையேடு ஒன்றை எடுத்து, அதே பாலித்தீனில் சுற்றி, அதே டேப்பை ஒட்டி, அதே திட்டில் திரும்ப வைத்தாள்.

"விஜின்கிட்ட கொடுத்துட வேண்டியதுதானே" என்றேன்.

"குடுத்தா என்ன சொல்லுவான் தெரியுமா? 'அண்ணன் எனக்காவப் பத்திரமா வச்சிருந்தாவ'ன்னு சொல்லுவான். கேட்டுட்டுப் போறேன்னு நிப்பான். அவரு அழுவாரு. இவன் ஃப்ளைட்ட விடுவான். அவருக்க வாயில இருந்து உண்மை வராது அக்கா. கையில இருந்து வரட்டு."

அந்தக் கரிக் கையோடே என் வாசலுக்கு வந்தாள். ஒரு கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

"அரிசி வாளிக்குள்ள வையுங்க. காலம்பற விஜின் வந்து வாங்கிக்குவான்."

அரிசிக்குள் ஆழமாகப் புதைத்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால், வெள்ளைப் பெயின்ட் அடித்த என் கதவில் நாலு விரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. துடைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ஹாலில் புகை கிளம்பிவிட்டது. போய்ப் பார்க்காமல் எப்படி இருப்பது?

விஜின் மேலே புறாக்கூடு ஒன்றை அள்ளிப் போட்டுவிட்டு, வயர்களை உருவி வெளிச்சுவர் வழியாக இறக்கிவிட்டு, தூசிக்காக யாரோ திணித்திருந்த மெத்தைப் பஞ்சையும் உருவியிருந்தான். ஈச்ச விளக்குமாற்றுக் கட்டோடு ஓர் இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, கயிற்றில் மேலும் கீழும் இழுத்துக் கரியை உதிர்த்துவிட்டான். புகைக்கூடு சுத்தம். ஆனாலும் சோதிக்கப் போட்ட தீயின் புகை மேலே போகாமல் ஹாலுக்குள் திரும்பியது.

"மேல எல்லாம் கிளியரு. பின்ன எதுக்கு எறங்குது?" என்று கண்ணைக் கசக்கினான். பேப்பர் ஒன்றைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடித்து, புகை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தான். அது நேரே சமையலறைப் பக்கம் நடந்தது. அங்கே நெய்மீன் பொரிந்துகொண்டிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"மயினி, ஃபேன நிறுத்துங்க."

நிறுத்தினாள்.

"வீட்டுல ஜன்னல் எல்லாம் ஏ.சி.க்காவ அடைச்சிருக்கு. ஃபேன் உள்ள காத்த இழுத்து வெளிய தள்ளுது. அதுக்கு ஈடா காத்து எங்கயிருந்தாவது வரணும்லா. வேற வழி இல்லாம சிம்னி வழியா எறங்குது." ஜன்னலை ரெண்டு விரல் திறந்துவைத்தான். இன்னொரு பேப்பரைக் கொளுத்தி மேலே காட்டி, கூட்டைக் கொஞ்சம் சூடாக்கினான். புகை சொன்ன பேச்சுக் கேட்டு மேலே போனது.

"இதெல்லாம் அண்ணன் சொல்லித் தந்தது" என்றான். அதிலும் ஒரு பெருமை.

நாலு மணிக்கு அன்பியத்துக்காரர்கள் வந்து பாயில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்பமணி அடுப்பில் சமர் என்கிற பாலைவன மரத்து விறகை அடுக்கினாள். அது சீக்கிரம் பிடிக்காது, பிடித்தால் லேசில் விடாது. தேவதாஸின் பிக்கப் வாசலில் நிற்கிற சத்தம் கேட்டதும் தீக்குச்சியை உரசினாள்.

உள்ளே வந்தவர் தீயைப் பார்த்தார். எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன், பத்து நொடிக்குள் ஒரு முகம் அப்படி வெளுத்துப் பார்த்ததில்லை.

"யாருலே..." என்று தொடங்கினார். பாயில் இருந்தவர்களைப் பார்த்ததும் 'லே'யை விழுங்கினார். "யாரு தீ போட்டது? சிம்னி அடைஞ்சில்லா கெடக்கு."

"உங்க தம்பி சுத்தம் பண்ணிட்டாரு தேவதாஸ்" என்றார் அன்பியத்து டீச்சர், கால்களைத் தீப்பக்கம் நீட்டியபடி. "எனக்கு முட்டு வலியே போச்சி."

"ரொம்பச் சூடு டீச்சர். அணைச்சிருவோம்."

"சூடா? ஜனவரி மாசத்துலயா? நீங்க ஜெபத்தத் தொடங்குங்க."

தலைவர் தொடங்க வேண்டியதாயிற்று. ஜெபமாலையை எடுத்தார். அவர் கண் மணியில் இல்லை, அடுப்பின் தொண்டையில் இருந்தது. மங்கள வார்த்தை ஜெபம் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி ஸ்டாப்பிங் இல்லாமல் பறந்தது. மற்றவர்கள் பாதி சொல்வதற்குள் அவர் அடுத்த மணிக்குப் போய்விட்டார். முதல் பத்து முடிந்ததும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து சமையலறைக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஹாலுக்குள் புகை திரும்பியது. டீச்சர் இருமினார். குழந்தை ஒன்று அழுதது.

தேவதாஸ் வாசலில் வந்து நின்று, "நான் சொன்னம்லா, அடைஞ்சி கெடக்கு" என்றார்.

விஜின் புகையைப் பார்த்தான். அது சமையலறைப் பக்கம் வளைகிறது. எழுந்து போய் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். புகை அடங்கியது. தேவதாஸ் இரண்டாம் பத்தை ஆரம்பித்தார். பாதியிலேயே, சமையலறையில் ஏதோ பார்க்க வேண்டும் என்று மறுபடி எழுந்தார். மறுபடி புகை.

இந்தத் தடவை விஜின் பின்னாலேயே போனான். அவனுக்குப் பின்னால் நானும் போனேன். தட்டு எடுக்கத்தான்.

தேவதாஸின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

"அண்ணே" என்றான் விஜின். "ஃபேன் போட்டா பொக திரும்பும்னு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான எனக்குச் சொல்லித் தந்திய."

"போலே ஹாலுக்கு."

"எதுக்கு அண்ணே போடுதிய?"

பதிலாக வந்தது முழங்கை. வீங்கின தாடையிலேயே இறங்கியது. விஜினின் தலை ஃப்ரிட்ஜில் மோதி, மேலே இருந்த ஊறுகாய் பாட்டில் விழுந்து உடைந்தது. அவன் கீழே சரிவதற்குள் தேவதாஸ் அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடுப்பு மேடையில் அழுத்தினார். பொரித்த எண்ணெய் சட்டி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விஜினின் வாயிலிருந்து ரத்தம் மேடையில் சொட்டியது. அவன் கையை ஓங்கவே இல்லை. அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டான். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

பிளைவுட் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் டி.வி.யின் சத்தம் ஏறியது.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. பாலித்தீன் பொசுங்குகிற நாற்றம்.

தேவதாஸ் தம்பியைப் போட்டுவிட்டு ஓடினார். அடுப்பின் தொண்டையிலிருந்து உருகின பாலித்தீன் சொட்டுச் சொட்டாக விறகின் மேல் விழுந்து, விழுந்த இடமெல்லாம் பச்சையாகச் சீறியது. டீச்சரின் காலைத் தாண்டிக்கொண்டு போய், எரிகிற விறகைச் செருப்புக் காலால் எத்தினார். ஒரு கட்டை பாயில் உருண்டது. பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். இடம் கிடைத்ததும் மண்டியிட்டு, வலது கையைத் தீக்குள் விட்டு மேலே ஏற்றினார்.

முழங்கை போயிற்று. தோளும் போயிற்று.

அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே துழாவினார். சட்டைக் கை பற்றிக்கொண்டது. முடி பொசுங்கி, தோல் பொசுங்கி, ஹால் முழுக்க அந்த வாடை நிறைந்தது. ஜெபமாலையோடு நின்ற ஒரு அம்மாள் வாந்தி எடுத்தாள்.

கை வெளியே வந்தது. உருகின பாலித்தீன் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. டேப்பைப் பல்லால் கடித்துப் பிய்த்தார். தோலும் சேர்ந்து வந்தது. உள்ளே கருகின காகிதம். அதில் பாதி எரிந்த ஒரு குழந்தை, தொடையில் ஊசி போட்டுக்கொண்டு சிரித்தது.

இன்பமணி ஒரு வாளித் தண்ணீரைப் பாயின் மேலும் அவர் கையின் மேலும் கொட்டினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"எதத் தேடுதிய?"

தேவதாஸ் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளி டேப் அவர் வாயிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சமையலறை வாசலில் விஜின் நின்றான். முகவாய் முழுக்க ரத்தம். அவன் டேப்பைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். பி.ஆர்.ஓ., கம்பெனி, 'வரும், வரும்' எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக அணைந்ததை நான் பார்த்தேன்.

விறகு கிளற வைத்திருந்த இரும்புக் கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. டக்டைத் தொங்கவிடுகிற மரை போட்ட கம்பி. அதை எடுத்து அண்ணனின் தோளில் இறக்கினான். மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். தேவதாஸ் குப்புற விழுந்தார்.

"அவளுக்கு நோவு வந்தா யாரு அண்ணே இருக்கா அங்க?" என்றான் விஜின். "யாரு இருக்கா?"

தேவதாஸ் ஒருக்களித்து மேலே பார்த்தார். அந்த நிலையிலும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

"அடிலே. இன்னும் அடி. தலையில அடி. போலீசு வரும், கேசு வரும். கேசு இருக்கவன ஏர்போர்ட்ல விடுவானாலே? அடி."

கம்பி மறுபடி உயர்ந்தது.

"மக்கா" என்றாள் இன்பமணி. "ரினிக்க மொகத்த நெனச்சிக்க. அந்தக் கம்பிய எனக்குத் தா."

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பியை வாங்கினாள். அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டோம். விட்ட மூச்சு பாதியில் நின்றது. அவள் திரும்பி, ஒரே வீச்சில், புருஷனின் முழங்காலில் அதை இறக்கினாள்.

இப்போது தேவதாஸ் கத்தினார்.

"நான் எங்கயும் பிளேன் ஏறல்ல" என்றாள். "எனக்கு மேல எவன் வேணும்னாலும் கேசு போடட்டு. தோளுல அடிச்சதும் நான்தான், முட்டுல அடிச்சதும் நான்தான். பாத்தவங்க சொல்லுங்க."

பாயில் இருந்தவர்கள் பார்வையைக் கீழே போட்டார்கள். இத்தனை வருஷமாக அவள் காதையும், கன்னத்தையும், கையில் இருந்த தழும்பையும் பார்த்துப் பார்வையைக் கீழே போட்ட அதே கூட்டம். போன கிறிஸ்துமஸுக்குக்கூட, 'படியில விழுந்தியா இன்பமணி' என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கேக்கை எடுத்துக்கொண்டவர்கள்.

டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். முட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஆமா. இன்பமணிதான் அடிச்சா. ரெண்டும். நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றது சுவரோரத்தில் ஒரு குரல். பிறகு இன்னொன்று. ஜெபத்துக்குப் பதில் சொல்வதுபோலவே ஹால் முழுக்கப் பதில் வந்தது.

இன்பமணி கம்பியை வைத்துவிட்டு, மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு தேவதாஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எரிந்த கையை மடியில் வைத்து, ஒட்டின பாலித்தீனை விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்து, வெள்ளைத் துணி சுற்றினாள். கட்டு அத்தனை அழகாக இருந்தது. தொழில் என்றால் தொழில்.

பின்கட்டு ரூமில் இருக்கிற டாக்ஸிக்கார கௌஸ் முகைதீன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவரைக் கட்டுப் போட விட்டுவிட்டுத் திரும்பி வந்து எனக்கு மட்டும் விவரம் சொன்னார். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"யார் அடிச்சதுன்னு டாக்டர் கேட்டார்மா. இவரு பொண்டாட்டி சுத்தின கட்டப் பாத்தார். பொறகு, சிம்னி கிளீன் பண்ணும்போது விழுந்துட்டேன்னு சொன்னார். பொண்டாட்டி அடிச்சான்னு வாயால சொல்ல முடியுமா? தோளெலும்பு விட்டுப்போச்சு. வலது கை தேறுறது அல்லாஹ் கையில."

ஆக, போலீஸ் இல்லை, கேஸ் இல்லை. விஜினை டீச்சர் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். இன்பமணிக்கு மாலை ஷிஃப்ட். எதுவுமே நடக்காததுபோல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளினிக் வண்டியில் ஏறினாள். ஏறுமுன் என் அரிசி வாளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

ராத்திரித் தொழுகைக்கான இஷா பாங்கு முடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். நான் உலை வைக்க அரிசி அளக்கப் போய், மேலாக மட்டும் அள்ளிக்கொண்டிருந்தேன். நடையில் காலடி கேட்டது. ஒரு கால் நடந்தது, ஒரு கால் இழுத்தது. வேறொரு டாக்ஸியிலிருந்து இறங்கித் தன் வீட்டுக்குப் போகிற தேவதாஸ்தான்.

இழுத்த கால் என் வாசலில் நின்றது.

கதவின் இடுக்கு வழியாக அவர் நிழல் தெரிந்தது. அசையவில்லை. என்ன பார்க்கிறார் என்று நினைத்தேன். நினைத்த உடனே தெரிந்துவிட்டது. கதவில் நாலு விரல். கரி. நான் துடைக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. பலமாக இல்லை. பழக்கமில்லாத கையால் தட்டுகிற தட்டு, தாளம் தப்பித் தப்பி.

அம்மையப்பன் ரிமோட்டை எடுத்தார். இதோ கூட்டப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். பச்சைக் கோடு ஓடியது. ஏறவில்லை. ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசிக் கோடும் போய், அறை நிசப்தமாயிற்று.

கதவு மறுபடி தட்டப்பட்டது.

அம்மையப்பன் எழுந்து வந்தார். என் கையிலிருந்த படியை வாங்கிக் கீழே வைத்தார். அரிசி வாளியை மூடி, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

"யாரு?" என்று கேட்டார்.